முற்றத்தில் மாற்றப்படும் சைலன்சரும் ஊரார் இழக்கும் உறக்கமும்

ஊர் உறங்கும் வேளையில் பிரதான வீதி வழியே உறுமியவாறு விரைந்து செல்லும் ஒரே ஒரு கார், அவ்வீதியின் இரு மருங்கிலும் வாழும் நூற்றுக்கணக்கானோரை ஒரே கணத்தில் விழித்தெழச் செய்துவிடுகின்றது. அவர்களுள் நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவர் இருப்பார். மறுநாள் பரீட்சைக்குத் தோற்றவேண்டிய மாணவி இருப்பாள். வெகுநேரம் புரண்டு படுத்த பின்னர் கண்ணயர்ந்த நோயாளி இருப்பார். தாயின் மடியில் அப்போதுதான் உறங்கத் தொடங்கிய குழந்தையும் இருக்கும். காரைச் செலுத்தியவரோ சில நிமிடங்களில் அடுத்த ஊரைக் கடந்துவிடுவார். தாம் எவருக்கேனும் தீங்கு இழைத்ததாக அவர் எண்ணுவதில்லை. தமது பணத்தில் வாங்கிய காரில், தமது வீட்டு முற்றத்தில் வைத்து, தமது விருப்பப்படி ஒரு குழாயை மாற்றிப் பொருத்தியதைத் தவிர வேறெதனையும் தாம் செய்யவில்லை என்பதே அவரது நியாயமாக இருக்கும். இந்த நியாயம் எந்தளவுக்கு ஏற்கத்தக்கது என்பதைச் சற்று ஆழமாக நோக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

வாகனங்களின் சைலன்சரை மாற்றியமைக்கும் வழக்கம் அண்மைக்காலமாக எமது நகரங்களிலும் சிறு பட்டினங்களிலும் வெகுவாகப் பரவி வருவதை எவரும் மறுக்க முடியாது. முன்னர் தேர்ந்த கராஜ்களில் மாத்திரம் நடைபெற்ற இவ்வேலை, இன்று ஒரு ஜக், ஒரு கிரைண்டர், இரவலாகப் பெற்ற வெல்டிங் கருவி ஆகியவற்றுடன் வீட்டு முற்றத்திலேயே நிறைவேறிவிடுகின்றது. செய்முறையை விளக்கும் காணொளிகள் கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கின்றன. எஞ்சினில் இருந்து வரும் குழாயை இடையில் அறுத்து, ஓசையைத் தணிக்கும் பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, அதற்குப் பதிலாக நேர்க்குழாய் ஒன்றை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பொழுது போதுமானது.

இத்தகைய கைவேலையை முற்றாக இகழ்ந்துரைப்பது எமது நோக்கமன்று. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்து மக்கள் பெற்றோல் இன்றியே தமது பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களை ஓடவைத்தார்கள். சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொள்ளும் உபாயத்தை எந்தப் பொறியியற் பீடமும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வைத்தியசாலையைச் சென்றடைவதற்கு அக்கைத்திறனே துணை நின்றது. அந்தக் கார்கள் கக்கிய புகையும் தீங்கானதே. எனினும் அது வேறு வழியற்ற ஒரு சமூகம் உயிர் வாழ்வதற்காகச் செலுத்திய விலையாகும். இன்று முற்றத்தில் நடைபெறும் வேலையில் அதே திறமை உண்டு; அதே ஆர்வமும் உண்டு. ஆனால் அந்தத் தேவை இல்லை. திறமை எதன் பொருட்டுப் பயன்படுத்தப்படுகின்றது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

சைலன்சரை மாற்றுவோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நோக்குவதும் தவறு. இவர்களுள் இரு வகையினர் உள்ளனர். ஓசையில் இன்பம் காணும் இளைஞர்கள் ஒரு வகையினர். பழுதடைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் வாங்க வசதியற்றோர் மற்றொரு வகையினர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்காக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் எமது வீதிகளில் ஓடிய கார்கள் அனைத்தும் ஐந்து வயது முதுமை எய்தின. துருப்பிடித்த குழாயும் செயலிழந்த பெட்டியும் கொண்ட காரை வைத்திருந்தவர், விலைகள் பன்மடங்காக உயர்ந்த அக்காலத்தில், புதிய பாகத்தை வாங்குவதற்குப் பதிலாக ஒரு துண்டு இரும்புக் குழாயை ஒட்டிக்கொண்டு நாளைக் கடத்தினார். விருப்பத்தால் மாற்றியவரையும் இயலாமையால் மாற்றியவரையும் சட்டம் ஒரே விதமாக நடத்துமாயின், அது பின்னவருக்கு இழைக்கப்படும் அநீதியாகவே அமையும்.

இனி, முற்றத்தில் கழற்றி வீசப்படும் பொருள் யாது என்பதை நோக்குவோம். பெற்றோல் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் வெடித்து எரிகின்றது. மூன்று சிலிண்டர்களைக் கொண்ட சிறிய கார் ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் என்ற வேகத்தில் இயங்கும்போது, விநாடி ஒன்றுக்கு 75 வெடிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு வெடிப்பின் பின்னரும் பல நூறு பாகை வெப்பமுடைய வாயு பேரழுத்தத்துடன் குழாய்க்குள் பாய்கின்றது. அந்த அழுத்த அலைகளே ஓசையாகின்றன. சைலன்சர் பெட்டிக்குள் உள்ள துளையிட்ட குழாய்களும் தடுப்பறைகளும் இவ்வலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுத் தணிக்கின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் இத்தகைய அமைப்புக்கான காப்புரிமையை 1897ஆம் ஆண்டிலேயே பெற்றிருந்தனர். மோட்டார் வாகனம் வீதிக்கு வந்த ஆரம்ப காலத்திலேயே, அதன் ஓசையை அடக்காவிடின் மனிதரோடு அது சேர்ந்து வாழ முடியாது என்பதை அதனை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும்.

சைலன்சருக்கு முன்னால், எஞ்சினுக்கு அண்மையில், மற்றொரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். கட்டலிட்டிக் கொன்வேட்டர் என்று கராஜ்களில் அழைக்கப்படும் இதனை ஊக்கி மாற்றி எனலாம். பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் பூசப்பட்ட தேன்கூடு போன்ற உட்பகுதி இதற்கு உண்டு. எஞ்சினில் இருந்து வெளிவரும் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டையும், எரியாது எஞ்சிய ஐதரோகாபன்களையும், நைதரசனின் ஒட்சைட்டுகளையும் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் நைதரசனாகவும் இது மாற்றிவிடுகின்றது. 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களுடன் அமெரிக்காவில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்த இச்சாதனம், ஈயம் கலந்த பெற்றோலால் செயலிழந்துவிடும் தன்மையது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஜூனில் கைவிடப்பட்டதனால், எமது குழந்தைகளின் குருதியில் ஈயம் கலக்கும் அபாயம் குறைந்ததுடன் இச்சாதனம் இந்நாட்டில் ஒழுங்காக இயங்குவதற்கும் வழி பிறந்தது. ஒரு நாடு முயன்று பெற்ற அந்த நன்மை, இன்று ஒரு கிரைண்டரின் உதவியோடு சில நிமிடங்களில் அறுத்தெறியப்படுகின்றது.

அறுத்தெறியப்படும் பெட்டிக்குச் சந்தையில் நல்ல விலையும் உண்டு. அதனுள் உள்ள உலோகங்களே அதற்குக் காரணம். 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் ரோடியம் உலக சந்தையில் அவுன்ஸ் ஒன்றுக்கு 25,000 அமெரிக்க டொலருக்கும் மேல் விலைபோனது. ஆகவே, வீட்டில் தமது காரை 'மெருகூட்டும்' ஒருவர் ஓசையையும் பெறுகின்றார். கையில் பணத்தையும் பெறுகின்றார். நட்டமடைவோர் அவரது காருக்குப் பின்னால் துவிச்சக்கரவண்டியில் செல்பவரும், வீதியோரத்தில் மரக்கறி விற்பவரும், பாடசாலை வாயிலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் தாயுமே ஆவர்.

காரின் ஏனைய பாகங்கள் யாவும் அதன் உரிமையாளருக்காகவே உழைக்கின்றன. இருக்கை அவருக்குச் சுகமளிக்கின்றது. தடுப்பு அவரது உயிரைக் காக்கின்றது. குளிரூட்டி அவரது வியர்வையைப் போக்குகின்றது. சைலன்சரும் ஊக்கி மாற்றியும் மாத்திரம் முதன்மையாகக் காருக்கு வெளியே உள்ளவர்களுக்காகவே உழைக்கின்றன. அவற்றை வாங்குவதற்கான பணத்தை உரிமையாளர் செலுத்தியிருந்தாலும், அவற்றின் பயனுக்கு உரித்துடையோர் ஊராரே. ஆகையால், 'எனது கார், எனது விருப்பம்' என்ற வாதம் இருக்கை உறைக்குப் பொருந்தலாம்; சைலன்சருக்குப் பொருந்தாது.

மாற்றத்தால் காரின் வலு கூடுகின்றது என்ற நம்பிக்கையும் இளைஞரிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. பந்தயக் கார்களில் இது ஓரளவு உண்மையே. அங்கு எஞ்சின், எரிபொருள் செலுத்தும் முறை, கணினிக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் ஒருங்கே மாற்றப்படுகின்றன. ஆனால், எமது வீதிகளில் ஓடும் 660 கன சென்ரிமீற்றர் முதல் 1500 கன சென்ரிமீற்றர் வரையான எஞ்சின்களுக்கு வெறுமனே பெரிய குழாயொன்றைப் பொருத்துவதால் கிடைக்கும் வலு, உணரமுடியாத அளவுக்குச் சொற்பமானது. மாறாக, குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயு வெளியேறும் வேகம் குறைந்து, நகர நெரிசலில் அவசியமான தாழ்வேக இழுவை பலவீனமடையவும் கூடும். குழாயில் உள்ள ஒட்சிசன் உணரிகள் தரும் தகவலை நம்பியே நவீன எஞ்சினின் கணினி எரிபொருளை அளந்து செலுத்துகின்றது. குழாயை அறுத்து ஒட்டும்போது உணரி பழுதடைந்தாலோ, ஒட்டிய இடத்தின் கசிவு வழியே வெளிக்காற்று உட்புகுந்தாலோ கணினி ஏமாந்துபோகின்றது. முகப்பில் எச்சரிக்கை விளக்கு ஒளிர்கின்றது. எரிபொருட் செலவும் அதிகரிக்கின்றது. ஓசை கூடியதைக் கண்டு வேகம் கூடியதாக எண்ணுவது, வெற்றுப் பாத்திரத்தின் ஒலியைக் கேட்டு அது நிறைந்திருப்பதாக நம்புவதற்கு ஒப்பானது.

முற்றத்தில் இவ்வேலையைச் செய்வோர் தமக்கும் தம் குடும்பத்தவருக்கும் தேடிக்கொள்ளும் ஆபத்தைப் பற்றியும் குறிப்பிட்டாக வேண்டும். தாங்கிகள் எதுவுமின்றி ஜக்கை மாத்திரம் நம்பிக் காரின் கீழே படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். சைலன்சர் குழாய் செல்லும் வழியிலேயே எரிபொருள் தாங்கியும் எரிபொருட் குழாய்களும் உள்ளன. அங்கு வெல்டிங் பொறி பறப்பது எத்தகைய விபரீதத்தை விளைவிக்கும் என்பதைக் கூறத் தேவையில்லை. விலை மலிவு கருதி நீர் விநியோகத்துக்கான நாகம் பூசிய இரும்புக் குழாயை ஒட்டுவோர், அதிலிருந்து எழும் வெண்புகையைச் சுவாசித்துச் சில மணி நேரத்தின் பின்னர் காய்ச்சலும் நடுக்கமும் கண்டு அவதியுறுவதுண்டு. வெல்டிங் தொழிலாளரிடையே இது நன்கறியப்பட்ட நோயாகும்.

இவை அனைத்திலும் கொடியது கண்ணுக்குத் தெரியாத கசிவே. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஈமோகுளோபினுடன் இது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் பிணைகின்றது. சரிவர ஒட்டப்படாத இணைப்பொன்றில் இருந்து கசியும் இவ்வாயு, காரின் தரையில் உள்ள சிறு துவாரங்களின் ஊடாக உள்ளே புகுந்துவிடலாம். கண்ணாடிகளை மூடிக் குளிரூட்டியை இயக்கியவாறு நிறுத்திய காரில் உறங்குவோருக்கு அது மரணத்தையே விளைவிக்கலாம். தலைவலியும் குமட்டலும் தோன்றும்போது அவற்றைப் பயணக் களைப்பென எண்ணி உறங்கிவிடுவோரே அதிகம். ஊக்கி மாற்றி அகற்றப்பட்ட காரில் இந்த நச்சு வாயுவின் செறிவு பன்மடங்கு அதிகமாக இருக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது. தகப்பனோ தமையனோ ஆர்வத்துடன் ஒட்டிய குழாய், பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளையின் மூச்சைப் பறிக்குமாயின் அதற்கு யார் பொறுப்பேற்பது?

ஓசையால் விளையும் கேடு குறித்து எமது சமூகத்தில் போதிய விழிப்புணர்வு இல்லை. புகையைக் கண்டால் மூக்கைப் பொத்துகின்றோம். ஓசையைச் சகித்துக் கொள்கின்றோம். ஒலியை அளக்கும் டெசிபல் என்ற அலகு சாதாரண எண்களைப் போன்றதன்று. 10 டெசிபல் அதிகரித்தால் ஒலியின் சக்தி 10 மடங்காகின்றது. செவிக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கின்றது. வீதிப் போக்குவரத்தின் ஓசை இரவு வேளையில் சராசரியாக 45 டெசிபலை விஞ்சலாகாது என உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பிராந்தியத்துக்கென 2018ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. போக்குவரத்து ஓசையினால் மேற்கு ஐரோப்பாவில் மாத்திரம் ஆண்டுதோறும் குறைந்தது பத்து இலட்சம் ஆரோக்கியமான வாழ்வாண்டுகள் இழக்கப்படுவதாக அதே நிறுவனம் 2011இல் மதிப்பிட்டிருந்தது. உறக்கக் குலைவும் இருதய நோயும் அவ்விழப்பின் பிரதான காரணங்களுள் அடங்கும். கண்ணாடிச் சாளரங்களை இறுக மூடி உறங்கும் குளிர் நாடுகளின் நிலையே இதுவாயின், காற்றுக்காகச் சாளரத்தைத் திறந்து வைத்து உறங்கும் எம்மவரின் நிலை என்னவென்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

இந்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழான ஒழுங்குவிதிகளும் உள்ளன. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1996இல் ஓசைக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளும், 2000ஆம் ஆண்டில் வாகனப் புகை தொடர்பான தரநியமங்களும் வெளியிடப்பட்டன. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அச்சான்றிதழ் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது என்பது வாகனம் வைத்திருப்போர் அனைவரும் அறிந்ததே. குறைபாடு சட்டங்களின் எண்ணிக்கையில் அன்று. அவை ஒன்றோடொன்று இணையாது நிற்பதிலேயே உள்ளது.

புகைப் பரிசோதனை நிலையத்தில் பெற்றோல் வாகனத்தின் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளக்கப்படுகின்றன. டீசல் வாகனத்தின் புகை அடர்த்தி அளக்கப்படுகின்றது. வாகனத்தின் ஓசை அங்கு அளக்கப்படுவதில்லை. ஆண்டுக்கொருமுறை வரும் அப்பரிசோதனைக்கு முதல் நாள் பழைய பாகங்களை மீண்டும் பொருத்தி, மறுநாள் கழற்றி வைப்பதும் சாத்தியமே. மறுபுறத்தில், வீதியில் கடமையிலிருக்கும் பொலிஸார் தமது செவியையும் கண்ணையும் மாத்திரம் நம்பியே சைலன்சரின் குற்றத்தைத் தீர்மானிக்கும் நிலை பெரும்பாலும் காணப்படுகின்றது. அளவுகோல் இல்லாத இடத்தில் வாக்குவாதம் பிறக்கின்றது; வாக்குவாதம் உள்ள இடத்தில் கையூட்டுக்கும் பாரபட்சத்துக்கும் வழி திறக்கின்றது. பொலிஸாருடன் அவர்களது மொழியில் சரளமாக உரையாட முடியாத தமிழ் பேசும் இளைஞன் ஒருவன் இரவு வேளையில் வீதித் தடையில் மறிக்கப்படும்போது, அவன் எதற்காக மறிக்கப்பட்டான் என்பதைக் கூட விளங்கிக்கொள்ள முடியாத நிலை ஏற்படலாம். எமது வாசகர்கள் இதனை அனுபவத்தால் அறிவர். எண்ணில் எழுதப்பட்ட அளவு எல்லா மொழிகளிலும் ஒன்றே.

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீ லங்கா' வேலைத்திட்டம் ஆரம்பிக்கப்பட்டதையடுத்து, பஸ்கள், முச்சக்கரவண்டிகள் ஆகியவற்றில் அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட மேலதிகப் பாகங்களை அகற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கினர். உரிமையாளர்களிடம் இருந்து எதிர்ப்புக் கிளம்பியது. கால அவகாசம் வழங்கும் நிலையும் ஏற்பட்டது. பொம்மையும் மாலையும் வர்ண விளக்கும் ஒருபுறம், செவியைத் துளைக்கும் ஓசையும் நச்சுப் புகையும் மறுபுறம் என வேறுபடுத்தி நோக்காது, அனைத்தையும் 'மேலதிகப் பாகங்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடக்க முற்பட்டமை அந்நடவடிக்கையின் வலுவைக் குறைத்துவிட்டது என்பதே எமது கணிப்பு. அலங்காரம் அதன் உரிமையாளரின் சுவை சம்பந்தப்பட்டது. சைலன்சர் அயலவரின் உடல்நலம் சம்பந்தப்பட்டது. முன்னுரிமை எதற்கு வழங்கப்பட வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இவ்விடத்தில் மற்றொரு விடயத்தையும் நினைவூட்ட விரும்புகின்றோம். வெலிகமவில் உள்ள பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில் 2007 நவம்பரில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையை மட்டுப்படுத்தியது. அக்கட்டுப்பாடு சகல மத வழிபாட்டுத் தலங்களையும் பாதித்தது. அத்தீர்ப்புக் குறித்து அக்காலத்தில் மாறுபட்ட கருத்துகள் நிலவின. எனினும் அதன் அடிப்படையில் அமைந்த கோட்பாடு தெளிவானது. உறங்க விரும்பும் ஒருவரை, அவரது விருப்பத்துக்கு மாறாகக் கேட்கும்படி கட்டாயப்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. கோயில் மணிக்கும் பாங்கொலிக்கும் பிரித் ஓதலுக்கும் அவற்றை மதிக்கும் ஒரு சமூகம் பின்னால் உண்டு. அவற்றைப் பெருக்கும் ஒலிபெருக்கிக்கே எல்லை வகுக்கப்பட்ட ஒரு நாட்டில், எவருடைய பக்திக்கும் உரித்தற்ற ஒரு குழாயின் அலறலுக்கு நள்ளிரவில் தடையற்ற சுதந்திரம் இருப்பது விந்தையிலும் விந்தையாகும்.

எமது வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பகுதி யப்பானில் பாவிக்கப்பட்ட பின்னர் இங்கு வந்தவை. அதே கார் அங்கு எவ்வாறு நடத்தப்படுகின்றது என்பதை அறிவது பயன்தரும். அங்கு புதிய தனியார் கார் மூன்று வருடங்களின் பின்னரும், அதன்பின் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறையும் முழுமையான பரிசோதனைக்கு உட்படுத்தப்படுகின்றது. மாற்று சைலன்சர் பொருத்துவதற்கு அந்நாட்டில் முற்றான தடை இல்லை. ஆயினும், 2010 ஏப்ரல் முதல் உற்பத்தி செய்யப்பட்ட வாகனங்களுக்கு, ஓசை அளவு முன்கூட்டியே உறுதிப்படுத்தப்பட்டு முத்திரையிடப்பட்ட சைலன்சர்களையே பொருத்த முடியும். இளைஞரின் ஆர்வத்துக்கும் இடமுண்டு. ஊராரின் அமைதிக்கும் காப்புண்டு. அங்கு விதிகளுக்கு அடங்கி ஓடிய அதே கார் எமது துறைமுகத்தில் இறங்கியதும் அடங்காக் காராக மாறுகின்றதென்றால், குறை காரில் இல்லை.

ஓசையை அளப்பதும் கடினமான காரியமன்று. நிறுத்தி வைத்த வாகனத்தின் குழாய் வாயிலில் இருந்து அரை மீற்றர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிமானியை வைத்து, எஞ்சினைக் குறித்த வேகத்தில் இயக்கி அளக்கும் முறை சர்வதேச தரநியமமாகவே உள்ளது. இதற்குச் சில நிமிடங்களே தேவை. ஏற்கெனவே நாடெங்கும் இயங்கிவரும் புகைப் பரிசோதனை நிலையங்களில் இவ்வளவீட்டையும் சேர்த்துக்கொள்வதற்குப் புதிய திணைக்களமோ புதிய கட்டடமோ அவசியமில்லை. அத்துடன் எஞ்சினின் அடியில் ஊக்கி மாற்றி உள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சான்றிதழில் குறிப்பிடுவதற்கும் ஒரு நிமிடமே போதும். வீதித் தடைகளில் கடமையாற்றும் பொலிஸாருக்கும் தரப்படுத்தப்பட்ட ஒலிமானிகள் வழங்கப்படல் வேண்டும். பாரிஸ் நகரில் 2022இல் ஓசையை உணர்ந்து வாகனத்தைப் படம்பிடிக்கும் கருவிகள் பரீட்சார்த்தமாக நிறுவப்பட்டன. அத்தகைய செலவு மிகுந்த ஏற்பாடுகளுக்கு நாம் இப்போது செல்லவேண்டியதில்லை. கைக்கெட்டிய தூரத்தில் உள்ளவற்றையேனும் செய்யலாம் அல்லவா?

தண்டனை வீதியில் மாத்திரம் முடிவடையலாகாது. ஊக்கி மாற்றிகளைப் பழைய இரும்போடு இரும்பாக வாங்கிச் சேர்ப்போர், அவற்றை விற்றவரின் விபரத்தையும் வாகன இலக்கத்தையும் பதிவேட்டில் குறிக்கவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்படுமாயின், திருட்டும் குறையும். அறுத்து விற்கும் ஆசையும் குறையும். தடுப்பறைகள் எதுவுமற்ற நேர்க்குழாய்களை இறக்குமதி செய்து பகிரங்கமாக விற்பனை செய்யும் வர்த்தகர், அவற்றை வாங்கிப் பொருத்திய பத்தொன்பது வயது இளைஞனை விடப் பொறுப்புக் குறைந்தவர் அல்லர். இயலாமை காரணமாகப் பழுதான குழாயுடன் ஓடுவோருக்கு நியாயமான கால அவகாசமும், ஊக்கி மாற்றிகளுக்கும் அவசியமான உதிரிப்பாகங்களுக்கும் இறக்குமதி வரியில் சலுகையும் வழங்கப்படுவது அவசியம். ஊர்க் காற்றைத் தூய்மையாக்கும் ஒரு பாகத்தை ஆடம்பரப் பொருளைப் போல் கருதி வரி விதிப்பது எவ்வகையிலும் பொருத்தமானதன்று.

அரசாங்கம் முதலில் தனது வீட்டைத் துப்புரவு செய்யவேண்டும் என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றோம். கரும்புகை கக்கியவாறு மேடேறும் பயணிகள் பஸ்களை அன்றாடம் காணும் இளைஞனுக்கு, அவனது சைலன்சர் மாத்திரமே நாட்டின் காற்றைக் கெடுக்கின்றது என்று கூறினால் அவன் நகைப்பான். மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற கண்டி நகரில் வாகனப் புகை வெளியேற வழியின்றித் தேங்கி நிற்பது நீண்டகாலமாகச் சுட்டிக்காட்டப்பட்டு வரும் பிரச்சினையாகும். அங்கு புகை கக்கும் பஸ் போக்குவரத்துச் சபைக்குரியதா தனியாருக்குரியதா என்பதை சுவாசப்பை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. சட்டம் அனைவருக்கும் ஒன்றாக அமையும்போதே அதற்கு மதிப்பு உண்டாகும்.

இறுதியாக, எமது சமூகத்துப் பெற்றோரிடமும் இளைஞரிடமும் சில வார்த்தைகள். கையில் கருவியை எடுத்துத் தானே ஒரு பொருளைச் செய்து பார்க்கும் ஆர்வம் போற்றத்தக்கது. அந்த ஆர்வத்தை அடக்கி வைக்குமாறு நாம் கூறவில்லை. துருப்பிடித்த குழாயைக் கசிவின்றிச் சீர்செய்வதும், இறுக்கம் தளர்ந்த இணைப்பை ஓசையின்றி அமைப்பதும், எரிபொருட் செலவைக் குறைப்பதும் அதே கைகள் செய்யக்கூடிய வேலைகளே. அவை கடினமானவை, ஆகவே அவற்றில்தான் திறமை வெளிப்படும். இருப்பதை அறுத்து ஓசையை விடுவிப்பதற்கு விசேட திறமை எதுவும் வேண்டியதில்லை. வேகத்தில் விருப்பமுள்ளோர் தமது திறமையைக் காட்டுவதற்கு உரிய பந்தயத் திடல்கள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் போதியளவு இல்லை என்ற குறையையும் விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பானோர் கவனத்திற்கொள்ள வேண்டும்.

நீண்ட போர்க்காலத்தில் இரவின் ஓசை ஒவ்வொன்றையும் அச்சத்துடன் செவிமடுத்து வாழ்ந்தோர் எம்மிடையே இன்றும் உள்ளனர். திடீரென வெடித்தெழும் ஒரு சத்தம் அவர்களுள் எதனை எழுப்பிவிடுகின்றது என்பதை, அதன் பின் பிறந்த தலைமுறை அறிந்திருக்க நியாயமில்லை. அறிந்தவர்கள் எடுத்துச் சொல்வது கடமையாகும். அமைதியான இரவுக்காக ஏங்கிக் காத்திருந்து அதனைப் பெற்ற ஒரு சமூகம், வீட்டு முற்றத்தில் அறுக்கப்படும் ஒரு குழாயிடம் அதனை இழந்துவிடலாமா? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் பொலிஸ் திணைக்களமும் தனித்தனியே அறிக்கை விடுவதை நிறுத்தி, ஒரே மேசையில் அமர்ந்து, அளவும் ஒழுங்கும் பாரபட்சமின்மையும் கொண்ட ஒரு நடைமுறையை வகுக்க முன்வருவார்களா? ஊரார் உறங்க விரும்புகின்றார்கள்.